டிரிப்ஸ் அக்காவின் நோயாளிகள்

செடிக்கு டிரிப்ஸ் ஏற்றிய நர்ஸ் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் தொண்ணூறுகளில் வேங்கிக்காலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடிப் போர்ஷனில் குடியிருந்தார். வீதிக்கே அவர் 'டிரிப்ஸ் அக்கா'.

மொட்டை மாடியில் நாலைந்து தொட்டிகள். கொடிக்கம்பியில் கழுவிய குளுக்கோஸ் பாட்டில்கள் தலைகீழாகத் தொங்கும். தொட்டிக்கு ஒரு டியூப். டியூட்டி முடிந்து வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் ரவுண்ட்ஸ் போவார்.

"செம்பருத்திக்கு ஜாஸ்தி ஓடுது, கம்மி பண்ணணும்" என்று திருகுவார். வடாம் காயவைக்க ஏறிய என் மாமியார் வடாமோடு திரும்பி வந்தார். "மேல யாருக்கோ ரொம்ப சீரியஸ் மாப்ள."

ஒரு கோடையில் போர் வற்றியது. லாரித் தண்ணீரை வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு வைத்தார்கள். ஹவுஸ் ஓனர் மாடிக்கே வந்துவிட்டார்.

"மனுஷனுக்கே தண்ணி இல்ல, செடிக்கு டிரிப்ஸ் கேக்குதாம்மா?"

"என் பங்குலதானே சார் ஊத்தறேன்?"

"காஞ்சிச்சுன்னா தொட்டியெல்லாம் எடுத்துடணும், ஆமா."

அந்த வாரமே கீழ்பென்னாத்தூரில் அக்காவின் அப்பாவுக்கு வரப்பில் விழுந்து இடுப்பு முறிந்தது. அக்கா மாடியில் எதையோ உருட்டிவிட்டுக் கதவைப் பூட்டினார்.

"சாவியக் குடுங்கக்கா, நான் ஊத்தறேன்" என்றேன்.

"வேணாம் தம்பி. பாசத்துல ஜாஸ்தி ஊத்தி அழுக வச்சிடுவ."

ரெண்டு நாள் என்று போனவர் ஒரு வாரம் தாண்டியும் வரவில்லை. வெயில் கொளுத்தியது. அவர் வந்து கதவைத் திறந்தபோது, துக்கம் விசாரிக்கப் போகிறவர்களைப் போல நாங்கள் பின்னால் ஏறினோம்.

பாட்டில்கள் காய்ந்து கிடந்தன. செடிகளோ பச்சைப் பசேல். மல்லி பூத்தே இருந்தது!

ஒவ்வொரு தொட்டியும் ஒரு மூடிபோட்ட பெயிண்ட் வாளிமேல் உட்கார்ந்திருந்தது. தொட்டியின் அடித்துளை வழியாக, மூடியில் போட்ட ஓட்டை வழியாக, பழைய நூல் புடவையைக் கிழித்து முறுக்கிய திரி வாளித் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. மண் காயக் காய, திரி தண்ணீரை மேலே இழுத்திருக்கிறது. தன் பங்கு முழுவதையும் வாளிகளில் ஊற்றிவிட்டு, அக்கா குளிக்காமலே பஸ் ஏறியிருக்கிறார்.

ஓனர் குனிந்து, ஒரு தொட்டியை மூடியோடு சற்றுத் தூக்கி வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "அடேங்கப்பா! தானா குடிச்சுக்கினு இருக்குதே!"

அக்கா ஒவ்வொரு இலையாகத் தொட்டுக்கொண்டே வந்தார். மல்லியருகே வந்ததும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா இனிமே எழுந்து நடக்கறது கஷ்டம்னுட்டாங்க சார். இதுங்களாச்சும்..."

ஓனர் இறங்கிப் போனார். மூச்சு வாங்க, சொம்பு நிறையத் தண்ணீரோடு திரும்பி வந்தார்.

"மொதல்ல நீ குடிம்மா."

அக்கா குடித்து முடிக்கும்வரை நாங்கள் யாரும் கீழே இறங்கவில்லை.