லோ பொயின்ட் அங்கிளும் படிக்கட்டுப் பார்சலும்

1. வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பின் படிக்கட்டுக்கடியில், பத்திரிகைத்தாள் சுற்றிய பார்சல் ஒன்று கிடந்தது.
2. யாரும் அதைத் தன்னுடையது என்று சொல்லவில்லை.
3. குண்டாக இருக்குமோ என்று யாரோ அறிவிக்க, ஆமி வந்தது.
4. எல்லா மாடிச் சனமும் தெருவில் இறங்கி நின்றது. மூன்றாம் மாடிக்குப் பெண் பார்க்க வந்தவர்களும் நின்றார்கள்.

இத்தனைக்கும் காரணமான லோ பொயின்ட் அங்கிளைப் போலச் சட்டத்தோடு வாதாடிய மனிதர் இலங்கைத் தீவில் வேறு எவரும் இல்லை. அவர் வழக்கறிஞர் அல்ல, ஓய்வுபெற்ற கிளாக்கர். "அதிலை ஒரு லோ பொயின்ட் இருக்கு" என்று ஒரு சட்ட நுணுக்கத்தைச் சொல்லாமல் அவர் தேங்காய்கூட வாங்கியதில்லை.

இராச்சாப்பாட்டுக்கு முன் ஒரு சின்னக் கிளாஸ் சிவப்பு வைன். அவருடைய பாவம் அவ்வளவுதான். ஆனால் வைன் ஸ்டோர்ஸ் இருந்தது காலி வீதியில், பஸ் தரிப்பிடத்துக்கு நேரெதிரே. கம்பிக்குள்ளால் கையை நீட்டி ஒரு போத்தல் வாங்கினால், அவர் வீடு திரும்புவதற்குள் வெள்ளவத்தை முழுக்கத் தெரிந்துவிடும். அப்போது அவருடைய மகள் யோகா அக்காவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். முன்பு வந்த ஒரு சம்பந்தம், "தகப்பன் குடிக்கிறவராம்" என்ற ஒரு வார்த்தையிலேயே முறிந்திருந்தது.

ஆகவே வைனை வீட்டுக்கே அனுப்பச் சட்டம் இடம்கொடுக்க வேண்டும் என்று அங்கிள் மொட்டைமாடியில் வாதாடுவார்.

"பால் வீட்டை வருது, பாண் வீட்டை வருது. வைன் மட்டும் ஏன் வரேலாது?"

"பால் குடிச்சிட்டு ஆரும் பாட்டுப் படிக்கிறேல்லை" என்பார் அவருடைய மனைவி பரமேஸ் அன்ரி, உடுப்புக் காயப்போட்டபடி.

என் அப்பா எதிர்க்கட்சி. "வீட்டை கொண்டுவந்தால் சின்னப் பெடியளும் கதவைத் திறந்து வாங்குவாங்கள், அண்ணை."

"அடையாள அட்டையைப் பாத்துக் குடுக்கட்டும். சந்திக்குச் சந்தி ஆமிக்குக் காட்டுறம். போத்தலுக்கும் ஒருக்காக் காட்டினால் ஐசி தேஞ்சு போகுமோ?"

சட்டம் மாறும் அறிகுறி தெரியாததால், வைன் ஸ்டோர்ஸில் வேலை செய்த பண்டாவை அவர் இரகசியமாக ஏற்பாடு செய்துகொண்டார். பண்டா வழக்கமாக மணி அடித்துத்தான் கொடுப்பான். பெண் பார்க்க வரும் நாளில் மட்டும் மணி அடிக்காமல் படிக்கட்டுக்கடியில் வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார். சம்பந்திமாரின் கண்ணில் படக்கூடாது என்ற யோசனையில், நாட்டில் சண்டை நடப்பதையே மறந்துவிட்டார்.

"மேக்க காகேத?" இது யாருடையது என்று கேட்டான் சிப்பாய். அங்கிளின் நெற்றியில் வியர்வை. மாப்பிள்ளையின் தாய் பட்டுச்சேலையோடு வெயிலில் நின்றார்.

பிறகு, கொழும்பில் தங்கும் தமிழர் பொலிஸில் செய்யவேண்டிய பதிவைப் பார்க்கத் தொடங்கினார்கள். கீழ்த்தள அறையில் மலையகத்து ஹட்டனிலிருந்து வந்து கடைகளில் வேலை செய்யும் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களின் பதிவு காலாவதியாகியிருந்தது. மூவரையும் ட்ரக்குக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

அங்கிள் யோகா அக்காவைப் பார்த்தார். அவர்களையும் பார்த்தார். பிறகு முன்னே போனார்.

"மகே, மாத்தயா. வைன் போத்தலயக்." என்னுடையது ஐயா, ஒரு வைன் போத்தல் என்றார்.

அவரையே பிரிக்கச் சொன்னார்கள். தாளுக்குள்ளிருந்து சிவப்புப் போத்தல் வெளியே வந்தது. ஏன் ஒளித்தாய் என்று அதிகாரி கேட்க, வீட்டுக்கு வைன் அனுப்பத் தடை இருப்பது எவ்வளவு பிழை என்று அங்கிள் உடைந்த சிங்களத்தில் விளக்கத் தொடங்கினார். பாலும் வந்தது, பாணும் வந்தது. அதிகாரிக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். "ஹரி ஹரி, அங்கிள், யன்ன" என்று எல்லோரையும் போகவிட்டார், அந்த மூவரையும் சேர்த்து.

"நல்ல வேள சொன்னீங்க, அங்கிள். இல்லாட்டி எங்களத்தான் ஏத்தியிருப்பாங்க" என்றான் அவர்களில் ஒருவன். அங்கிளுக்கு அது கேட்கவில்லை. அவர் மாப்பிள்ளை வீட்டாரின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையின் தாய் தன் கணவரின் பக்கம் திரும்பினார். "இந்த மனிசன் ஊருக்கு முன்னாலை தன்ரை எண்டு சொல்லுது. நீங்கள் அலுமாரிக்குப் பின்னாலை வைச்சிருக்கிறது ஆற்றை போத்தலப்பா?"

கணவர் வானத்தைப் பார்த்தார். அன்றைக்கே நாள் குறித்தார்கள்.

இன்றைய நிலை இதுதான்: சட்டம் மாறவில்லை. யோகா அக்கா கொட்டாஞ்சேனையில் குடும்பமாக இருக்கிறார். அங்கிள் அதே மூன்றாம் மாடியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் அவரோடு வாதாடுகிறேன், தோற்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன்.