உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் சாந்தியக்கா

இரண்டு பேராக வேலை செய்து ஒரு சம்பளம் வாங்கிய மனிதர் சுவிஸ் முழுவதிலும் எங்கள் வீடியோ அண்ணை ஒருவர்தான். அவர் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் நிற்பார். மனைவி சாந்தியக்கா யாழ்ப்பாணத்தில் இருந்தபடி, உப்புப் போத்தலில் சாய்த்து வைத்த போனுக்குள்ளிருந்து அவரை மேய்ப்பார்.

"இஞ்சாருங்கோ, கரட்டை உப்பிடியே வெட்டுறது? மாட்டுக்கே போடுறியள்?"

"ஓமப்பா, மெல்லிசா வெட்டுறன்."

பக்கத்தில் வெங்காயம் உரிக்கும் எனக்கும் விழும். "தம்பி, அந்தத் தலைமயிரை வெட்டும். சூப்புக்குள்ளை விழப்போகுது."

போன் வந்து மனிதரைப் பிரித்துவிட்டது என்று மேடையில் முழங்குகிறவர்கள் என் முன்னால் வரட்டும். அண்ணை அகதியாக வந்த புதிதில், தெருமுனைத் தொலைபேசிக் கூண்டில் நின்று "ஹலோ, கேக்குதோ?" என்று கத்தி முடிப்பதற்குள் இணைப்பு அறுந்துவிடுமாம். தாயின் குரலே மறந்துபோனது என்பார். பிந்தித்தான் கலியாணம் கட்டினார். ஜெர்மன் மொழிச் சோதனை பாஸ் பண்ணாமல் அக்காவுக்கு சுவிஸ் வர விசா இல்லை. இவர் வேலை முடிந்து எடுத்தால் அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும். ஆகவே குசினி நேரம்தான் அவர்களுடைய குடும்ப நேரம்.

ஒரு வெள்ளிக்கிழமை புது அடுப்பு வந்து இறங்கியது. எங்கள் செஃப், எந்நேரமும் சிவந்த முகத்தோடு திரியும் சுவிஸ்காரர், "அடுப்பைப் போடு" என்றார். அண்ணை கையைக் கட்டிக்கொண்டார்.

"பத்தரை தாண்டிட்டுது. ராகுகாலம். பன்னிரண்டுக்குப் பிறகுதான் போடுவன்."

நான் மெல்லச் சொன்னேன். "அண்ணை, யாழ்ப்பாணத்தில ராகுகாலம் எப்பவோ முடிஞ்சுது."

போனுக்குள்ளிருந்து தீர்ப்பு வந்தது. "அடுப்பு எங்கை நிக்குது? அங்கத்தை ராகுதான் கணக்கு."

சாப்பாட்டு மண்டபத்தில் ஆட்கள் வந்து குந்தத் தொடங்கினார்கள். செஃப் வெடித்தார். இந்த போன் இனிமேல் என் குசினிக்குள் வரக்கூடாது என்று ஜெர்மனில் கத்திக்கொண்டு அதை எடுக்கப் போனார்.

அண்ணை ஏப்ரனைக் கழற்றி மேசையில் வைத்தார். பாதி ஜெர்மன், பாதி தமிழ். "போன் போனா நானும் போறன். இத்தனை வருசம் தனியக் கிடந்தனான். இனிக் கிடக்கமாட்டன்."

அப்போது போன் பேசியது. ஜெர்மனில், அதுவும் செஃப்பின் அதே அதட்டல் ராகத்தில்.

"செஃப், பழைய அடுப்பில சூப் பொங்குது. ஓடு."

செஃப் ஓடினார். சூப்பைக் காப்பாற்றிவிட்டு வந்து, இவ எங்கே ஜெர்மன் படித்தா என்று கேட்டார்.

"உங்களிட்டைத்தான்," என்றார் அண்ணை. "நெடுக எங்களை ஏசுறியளெல்லோ, அவ கேட்டுக்கொண்டிருக்கிறா."

போன் இருந்த இடத்திலேயே இருந்தது. அடுப்பும் பன்னிரண்டுக்குப் பிறகே எரிந்தது. அடுத்த சோதனையில் அக்கா பாஸ். ஜெர்மன் நல்லம், மரியாதைதான் கொஞ்சம் குறைவு என்று சோதனை எடுத்த அம்மா சொன்னாராம். அக்கா வந்து சேர்ந்ததும் அண்ணை வேலையை மாற்றிக்கொள்ள, இருவரும் வின்டர்தூர் நகருக்கு வீடு மாறிப் போனார்கள்.

இன்றும் எங்கள் குசினியில் உப்புப் போத்தலில் ஒரு போன் சாய்ந்திருக்கிறது. காலையில் அதை எடுத்து வைக்கிறவர் செஃப். வின்டர்தூரிலிருந்து இரண்டு முகங்கள் எட்டிப் பார்க்கும்.

"தம்பி, இன்னும் தலைமயிர் வெட்டேல்லையோ?"

வெட்டமாட்டேன். வெட்டிவிட்டால் அக்கா நாளைக்கு என்னை என்ன கேட்பா?