நெடுமங்காட்டு பஸ்ஸின் ஈரக் கூரை

திருவனந்தபுரத்தில் பெய்த கோடைமழை அத்தனையையும், அது பெய்வதற்கு முன்பே கையால் தொட்டுப் பார்த்த மனிதர் ஒருவர்தான் உண்டு. மற்றவர்கள் எல்லாம் மழை தலையில் விழுந்த பிறகு அது மழை என்று தெரிந்துகொண்டார்கள். அவர் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், நெடுமங்காட்டிலிருந்து வரும் பஸ்ஸின் பின்பக்க ஏணியில் ஏறி, கூரைமேல் மூட்டைகளை மூடியிருக்கும் தார்ப்பாயைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

பெயர் ஏதோ இருந்தது. கரமனையில் எங்கள் தெருவில் அதை யாரும் உபயோகித்ததில்லை. 'ஒண்ணுரெண்டு' என்றால் தபால்காரருக்கே தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் நாட்களில், வானொலியில் தினமும் ஒரு வாக்கியம் வரும்: 'ஒன்றிரண்டு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்.' அந்த வாக்கியத்தை அவர் வேதம்போல் மதித்தார். நானும் மதித்தேன், வேறு காரணத்துக்காக. செகரட்டேரியட்டில் அசிஸ்டெண்டாகச் சேர்ந்து ஓய்வு பெறும்வரை நான் வரைந்த குறிப்புகளில் அவ்வளவு பத்திரமான வாக்கியம் ஒன்றுகூடக் கிடையாது. எந்த இடம் என்று இல்லை. பெய்யும் என்றும் இல்லை. பெய்தாலும் பெய்யாவிட்டாலும் யாரும் யாரிடமும் விளக்கம் கேட்க முடியாது.

சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் அவருக்குக் கணக்கு எழுதும் வேலை. மத்தியானம் கிழக்கே மலைப்பக்கம் மேகம் முட்டத் தொடங்கினால் பேனாவை மூடிவிட்டுத் தம்பானூருக்கு நடப்பார். கோடைமழை மலையில் பிறந்து, நெடுமங்காடு வழியாக நகரத்துக்கு இறங்கும். பஸ்ஸும் அதே வழியாகத்தான் வரும். இரண்டில் எது முந்துகிறது என்பதுதான் கேள்வி, பெரும்பாலும் பஸ்தான் முந்தும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. தார்ப்பாயில் புழுதியோடு ஈரம் இருந்தால் அது வெறும் தூறல். கழுவி விட்டதுபோல் இருந்தால் பெருமழை, குடையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கூரை காய்ந்து சக்கரம் மட்டும் நனைந்திருந்தால் மழை பெய்து ஓய்ந்த ரோட்டில் பஸ் வந்திருக்கிறது, கவலை இல்லை.

இந்த ஆராய்ச்சியில் ஒரு சிரமம் உண்டு. பஸ் கூரைமேல் ஒரு மனிதர் நின்றால், கீழே இறங்கிய பயணிகள் அவரைப் பார்த்து முதலில் கேட்பது தங்கள் மூட்டையைத்தான். "சாரே, ஆ சக்க இங்கோட்டு எடுத்தே" என்று பலாப்பழத்தைக் காட்டுவார்கள். எடுத்துக் கொடுப்பார். அடுத்து கோழிக்கூடை, அடுத்து மரச்சீனிக் கிழங்கு மூட்டை. கேட்டவர்களுக்கு எல்லாம் இறக்கிக் கொடுத்து முடித்த பிறகுதான் தார்ப்பாயைத் தொட முடியும். வானிலையை அறியப் பலாப்பழம் சுமந்தவர் உலகத்தில் வேறு யாரும் இருந்ததாக நான் படித்ததில்லை. ஒரு கண்டக்டர், அவர் எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து, அரைமணி நேரம் கூடவே தேடிக் கொடுத்தார். என்ன தொலைந்தது என்று கடைசியில் கேட்டபோது, "ஒண்ணும் தொலையல்லே, மழை எங்கே வந்தாச்சுன்னு பார்த்தேன்" என்று இவர் சொல்ல, அதன் பிறகு அந்த பஸ் வந்தால் அந்தக் கண்டக்டர் ஏணிப் பக்கமே காவல் நின்றுகொள்வார்.

இவ்வளவு பாடுபட்டுத் தெரிந்துகொண்டு தெருவுக்கு வந்து என்ன சொல்வார்? "பெய்யலாம்." அவ்வளவுதான். கூழ்வடாம் பிழிந்து மொட்டைமாடியில் காயப்போடக் காத்திருக்கும் பெண்கள் வந்து கேட்பார்கள். "காயலாம் மாமி. நனைஞ்சாலும் நனையலாம்" என்பார். கையால் தொட்டது நெடுமங்காட்டு மழையை, கரமனை மழையை அல்ல, அது நடுவழியில் திரும்பிப் போகவும் உரிமை உண்டு என்பது அவர் கட்சி. தெரியாததைத் தெரியும் என்று சொல்வது அவருக்குத் திருட்டு மாதிரி.

அவருக்கு ஒரு எதிர்க்கட்சி இருந்தது. நாஞ்சில் நாட்டுக்காரரான பாரோமீட்டர் பிள்ளை. கல்லூரியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஏலத்தில் எடுத்த பித்தளை பாரோமீட்டர் ஒன்று அவர் வீட்டுச் சுவரில் தொங்கியது. அதன் முள் 'மாறும்' என்ற இடத்தில் பல வருடங்களாக மாறாமல் நின்றது. அதை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இன்னைக்கு மழை கிடையாது வே" என்று கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி சொல்வார். அவரை நம்பி வடாம் போட்டவர்கள் மாலையில் கூழ் அள்ளினார்கள்.

பாலத்துப் பக்கம் டீக்கடையில் இருவரும் தினமும் மோதுவார்கள்.

"ஒண்ணுரெண்டு இடம், ஒண்ணுரெண்டு இடம்ங்கேரே, அது எந்த இடம்னு ஒரு நாளாவது சொன்னேரா வே?"

"எந்த இடமோ அந்த இடத்துல போய்ப் பாக்கணும்."

பார்க்கவும் பார்த்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறிக்கை சொன்ன மழை எங்கள் தெருவுக்கு வராததால் பஸ் ஏறி, நெடுமங்காட்டுக்கும் அப்பால் மலையடி வரை அதைத் தேடிக்கொண்டு போனார். வெயில் கொளுத்தும் தெருவுக்குள் பொழுது சாயும் நேரத்தில் சொட்டச்சொட்ட நனைந்து திரும்பினார். "விதுரையில் பெய்ஞ்சுது, கேட்டேளோ" என்று வீடு வீடாகச் சொன்னார். வானொலியின் மானத்தைக் காப்பாற்றிய திருப்தி முகத்தில் இருந்தது. அன்றிரவு காய்ச்சலும் இருந்தது.

அந்தச் சித்திரையில்தான் என் தங்கை காமுவுக்குக் கல்யாணம். அப்பா இல்லாததால் பெண் வீட்டுப் பொறுப்பு முழுவதும் என் தலையில். நடைமுறைகள் எனக்குத் தெரியும் என்ற கர்வம் இருந்தது. பந்தலுக்கு அனுமதி, மைக்குக்கு அனுமதி, ஊர்வலத்துக்குப் போலீஸ் அனுமதி எல்லாம் உரிய முறையில் வாங்கிவிட்டேன். மழைக்கு மட்டும் விண்ணப்பம் கொடுக்க ஆபீஸ் இல்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை ஜானவாசம். மாப்பிள்ளைக்கு நாம் தைத்துக் கொடுத்த சூட்டைப் போட்டு, திறந்த காரில் உட்காரவைத்து, நாகஸ்வரம் முழங்கக் கோயிலிலிருந்து பந்தலுக்கு அழைத்து வரவேண்டும். காரும் கிடைத்தது. அதற்கு மேல்மூடி இருந்த காலத்தை டிரைவரே பார்த்ததில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்து இறங்கியதும் வானத்தை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"மாப்பிள்ளை ஜானவாசத்துல நனைஞ்சா எங்காத்துல ஆகாது. மழை வரும்னு துளி சந்தேகம் இருந்தாலும் கார்ல ஏத்த மாட்டேன். ஜானவாசம் இல்லாம முகூர்த்தத்துக்கும் வரமாட்டோம். இப்பவே சொல்லிட்டேன்."

சொன்னதைச் செய்கிற மனிதர் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஏற்கெனவே ஒரு கல்யாணத்தில், பந்தலில் விசிறி போதவில்லை என்பதற்காக மாப்பிள்ளையை ரயிலடி வரை கூட்டிக்கொண்டு போனவராம்.

உள்ளே காமு வேறு அழுதுகொண்டிருந்தாள். சின்ன வயதில் அரிசி தின்றால் கல்யாணத்தில் மழை கொட்டும் என்பார்கள். அவள் அரிசிப் பானையே கதியாக வளர்ந்தவள். "எல்லாம் நான் தின்ன அரிசிதான் அண்ணா" என்றாள். அறிவியல்ரீதியாக அதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னேன். இன்னும் பலமாக அழுதாள்.

மத்தியானமே ஒண்ணுரெண்டைத் தம்பானூருக்கு அனுப்பிவிட்டேன். ஐந்தரை ஆயிற்று, ஆளைக் காணோம். கிழக்கே வானம் இரும்புச்சட்டி மாதிரி கறுத்துக்கொண்டு வந்தது. கோயில் வாசலில் கார் நின்றது, காரைச் சுற்றி மாப்பிள்ளை வீட்டார் நின்றார்கள். மாப்பிள்ளை சூட்டுக்குள் வியர்த்துக்கொண்டு, ஏறவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றார். காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. அந்த நேரம் பார்த்து பாரோமீட்டர் பிள்ளை, பாரோமீட்டரைக் குழந்தைபோல் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"முள்ளு நகந்துட்டு வே! 'புயல்'ல நிக்கி!"

ஓடிவரும்போது எங்காவது இடித்திருப்பார். ஆனால் பெரியப்பா காதில் விழுந்துவிட்டது. அவர் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டார். ரயில் நேரம் கேட்கிற தோரணை.

அப்போதுதான் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஒண்ணுரெண்டு இறங்கினார். அவர் ஆட்டோவில் ஏறி நான் பார்த்ததே இல்லை. சட்டையின் வலது கை முழங்கை வரை நனைந்து ஒட்டிக்கிடந்தது. புழுதி இல்லாத, கழுவிவிட்ட ஈரம். பிள்ளையும் அந்தக் கையைப் பார்த்துவிட்டார்.

"இவர்தான் உங்க மழை சாஸ்திரியா?" என்றார் பெரியப்பா. "ஏன் ஓய், மழை வருமா வராதா? வளவளன்னு வேண்டாம். ஒத்தை வார்த்தை."

கோயிலுக்கு நாலாவது வீடு எங்களுடையது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காமு நின்றாள், கண்ணெல்லாம் வீங்கி. ஒண்ணுரெண்டு அந்தப் பக்கம் பார்த்தார். நனைந்த கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"பெய்யாது" என்றார்.

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

அவர் உதட்டில் அந்த வார்த்தையை நான் கேட்டது அன்று ஒருநாள்தான். பெரியப்பா பிள்ளையின் பக்கம் திரும்பினார். பத்து வருஷமாக எந்த ஆளை டீக்கடையில் கிழித்தாரோ அந்த ஆளின் முகத்தைப் பிள்ளை ஒரு கணம் பார்த்தார். பிறகு பாரோமீட்டரைக் கவிழ்த்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

"அவாளே சொல்லியாச்சுல்லா. அதுக்கு மேல அப்பீல் கிடையாது. இது கேடான மிஷின்."

மாப்பிள்ளை காரில் ஏறினார். ஒண்ணுரெண்டு என் காதருகில் வந்து, "ஓட்டுங்கோ" என்றார்.

எங்கள் ஊரில் ஜானவாசம் நான்கு தெருவும் சுற்றி வருவதற்குள் குழந்தைகள் தூங்கிப்போகும். மூலைக்கு மூலை நின்று நாகஸ்வரக்காரர் ராகம் ஆலாபனை செய்வார். அன்று அவர் முதல் மூலையில் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். ஒண்ணுரெண்டு அவர் முதுகில் கைவைத்துத் தள்ளினார். "பந்தல்ல வாசிச்சா போரும். நடங்கோ, நடங்கோ." தவில்காரர் தவிலைத் தூக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தார். பெட்ரோமாக்ஸ் விளக்குக்காரர்கள் தலையில் விளக்கோடு ஓடினார்கள். காருக்குப் பின்னால் பட்டுப்புடவைகள் ஓடின. மாப்பிள்ளை இருபக்கமும் கும்பிடுவதற்குள் கும்பிட வேண்டியவர்கள் பின்னால் போய்விட்டார்கள்.

"இது ஊர்வலமா, தீயணைப்பு வண்டியா?" என்று பெரியப்பா மூச்சிரைத்தார்.

"இந்த ஊர்ப் போலீஸ் ஆக்ட்ல ஊர்வலம் வழியிலே எங்கயும் நிக்கப்படாது மாமா" என்றேன். அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் இல்லை. உட்பிரிவையும் சேர்த்துச் சொன்னதால் நம்பினார்.

மூன்றாவது தெருவில் முதுகுக்குப் பின்னால் வானம் உருண்டது.

"அது என்ன சத்தம்?"

"கோயில்ல கதினா வெடி போடுகா" என்றார் பிள்ளை, கூடவே ஓடிக்கொண்டு. அடுத்த கதினாவுக்கு மின்னலும் சேர்ந்து வந்தது. அதற்கு விளக்கம் சொல்ல யாருக்கும் மூச்சு இல்லை.

பந்தல் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற மாமிகள் பாட்டைத் தொடங்குவதற்குள் மாப்பிள்ளையைக் காரிலிருந்து ஏறக்குறைய தூக்கி இறக்கினோம். ஆரத்தி சுற்றி, அவர் வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். அவ்வளவுதான், வானம் கிழிந்தது. தெருவே தெரியாத மழை. காரின் சீட்டில் தண்ணீர் நின்றது. சூட்டில் ஒரு துளி இல்லை.

பெரியப்பா மழையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். "பாத்தேளா," என்றார், "எங்காத்துப் பிள்ளை காலை எடுத்து வெச்சதும் மழை! என்ன ராசி பாத்தேளா!" மறுநாள் ஊர் திரும்பும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இலை போட்டபோதுதான் ஒண்ணுரெண்டு பந்தலில் இல்லை என்பதைக் கவனித்தேன். தெருமுனையில் பூட்டிய கடை ஒன்றின் இறவாரத்தில், பாதி மழையிலும் பாதி கூரைக்கடியிலுமாக நின்றுகொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"கையால தொட்டுப் பாத்துட்டு இல்லைன்னு சொன்னேன். நெஞ்சறிஞ்ச பொய்யாக்கும். இனிமே என்கிட்ட வந்து யார் கேப்பா?"

கேட்டவர்களுக்கு இதுவரை மட்டும் என்ன தெரிந்தது என்ற பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் பிள்ளை ஒரு பழைய குடையோடு வந்து சேர்ந்தார்.

"உள்ளே கல்யாணப் பொண்ணு இலையிலே உக்கார மாட்டேங்கா. மழை மாமா சாப்பிட்டாத்தான் நானும் சாப்பிடுவேன்னு நிக்கா. வாரும் வே, பசில உசுரு போகுது."

வந்தார். பந்தியில் மீதி இருந்தது ஒரே ஒரு இடம், அதற்கு மேலே கீற்று ஒழுகியது. பிள்ளையின் குடையை வாங்கிப் பின்னால் நின்று, அவருக்கும் இலைக்குமாகச் சேர்த்துப் பிடித்தேன். அவர் சாம்பார் முடித்து ரசத்துக்கு வந்தபோது என் தோள் முழுக்க நனைந்துவிட்டது. அதைப் பார்த்துவிட்டு அவசர அவசரமாகப் பிசைந்தார்.

"மெதுவாச் சாப்பிடுங்கோ" என்றேன்.