எடையில்லாத கயிறும் என் கையெழுத்தும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்கட்டும். நீங்கள் மட்டும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் சங்கடப்பட்டால் எனக்குப் போதும். ஏனென்றால், காலேஜில் பாடம் நடத்துகிற நீங்கள் ஆசையாகப் பாப்பாவுக்கு அனுப்பினீர்களே ஒரு தடி இயற்பியல் புத்தகம், வினை அதில்தான் வந்து இறங்கியது. போனில் சொல்லலாம் என்றால் அண்ணனும் தங்கையும் சேர்ந்து என்னைப் பேசவே விட மாட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் உயர்நிலை இயற்பியலுக்கு மூன்றே பேர்தான் பெயர் கொடுத்தார்களாம். மூன்று பேருக்காக வகுப்பு திறக்க முடியாது, வேண்டுமானால் வீட்டிலேயே தானாகப் படித்துப் பரீட்சை மட்டும் எழுதலாம், பெற்றோர் ஒருவர் கையெழுத்துப் போட்டு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் படிவம் தர வேண்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். மற்ற இரண்டு பிள்ளைகளும் புத்திசாலிகள், விலகிவிட்டார்கள். நம்ம வீட்டுப் புத்திசாலி படிவத்தோடு வந்து நின்றாள். உங்கள் தங்கை, "கையெழுத்துதானே, போடுங்களேன்" என்றாள். நான் உடனே போடுகிற ஆளா? "அந்தப் புத்தகத்துல முதல் அத்தியாயத்தை நான் படிச்சுப் பார்க்கறேன். சொல்லித்தர ஆளில்லாம எனக்கே புரிஞ்சா, உனக்கும் புரியும். அப்பப் போடறேன்" என்று சவால் விட்டேன். புரியாது என்ற தைரியத்தில்தான் மச்சான் விட்டேன். அறிவியலில் நான் எடுத்த மார்க் உங்களுக்குத் தெரியாதா?

திறந்தால் முதல் கணக்கே லிஃப்ட். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவனிடமா வாலாட்டுகிறாய் என்று உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே, 'கயிறு எடையற்றது எனக் கொள்க' என்று போட்டிருக்கிறது. மச்சான், எடையில்லாத கயிற்றை எந்தக் கடையில் விற்கிறான்? போன மாதம் ஒரு கம்பிக்கயிறு மாற்றினோம், சுருளைத் தூக்கி மேலே கொண்டுபோவதற்குள் இரண்டு ஆளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அடுத்த வரி, 'உராய்வைப் புறக்கணிக்கவும்.' உராய்வைப் புறக்கணித்தால் பிரேக் எப்படிப் பிடிக்கும்? இந்த லிஃப்டுக்கு லைசென்ஸ் கொடுத்த அதிகாரி யார்? பாப்பா சிரிக்கிறாள். "அப்பா, முதல்ல சுலபமா வச்சுக் கணக்குப் போடணும். அப்புறமா கயிறோட எடையைச் சேர்த்துக்கலாம்." "அப்புறம் சேர்க்கற வரைக்கும் உள்ள இருக்கறவன் தொங்கிட்டே இருப்பானா?" என்று கேட்டேன். உங்கள் தங்கை என் பக்கம் பேசாமல் எழுந்து போய் ஜன்னலோரம் நின்று சிரித்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். என் கிரகம், விடவில்லை. லிஃப்ட் மேலே கிளம்பும்போது உள்ளே இருப்பவன் எடை கூடும், கீழே கிளம்பும்போது குறையும் என்று அதே கணக்கில் இருந்தது. புத்தகம் புளுகுகிறது என்று நிரூபிக்க, வீட்டில் இருந்த முள் வைத்த எடை மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒன்பது மாடிக் கட்டிடம், மாதாந்திர சர்வீஸ். மெஷின் மேல் ஏறி நின்றேன், எழுபத்திநாலு. பட்டனை அழுத்தினேன், முள் எண்பதுக்குத் தாவியது! கொஞ்ச நேரத்தில் எழுபத்திநாலுக்கே வந்தது. கீழே கிளம்பினால் அறுபத்தெட்டு. நம்பாமல் பதினாலு தடவை மேலும் கீழும் போனேன். பதினைந்தாவது தடவை ஐந்தாம் மாடி பல் டாக்டரம்மா ஏறினார். என்ன செய்கிறீர்கள் என்றார், சொன்னேன், தானும் ஏறி நின்றார். கீழே கிளம்பியதும் முள் இறங்கியதைப் பார்த்து அவருக்கு வாயெல்லாம் பல். லிஃப்ட் நிற்கப்போகும்போது திரும்ப ஏறியதும் முகம் சுருங்கிவிட்டது. "நிக்காமக் கீழயே போற மாதிரி செய்ய முடியாதா?" என்கிறார். அம்மா, அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளமே என்றேன். அதற்குள் செய்தி பரவி ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் எடை குறைக்கக் காத்து நிற்கிறார்கள், எட்டுப் பேர் போகிற லிஃப்டில் பதினொரு பேர் ஏற, பஸ்ஸர் அலற, எவனோ கம்பெனிக்குப் போன் போட்டு உங்கள் மெக்கானிக் இங்கே உடம்பு இளைக்க வைத்தியம் பார்க்கிறான் என்று சொல்ல, சூப்பர்வைசர் வந்து நின்றார். திட்டினார். திட்டி முடித்துவிட்டு, யாரும் பார்க்காதபோது அவரும் ஒருமுறை ஏறிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அந்த மூன்று எண்களைப் பாப்பாவிடம் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம் நோட்டில் கிறுக்கி, "உங்க லிஃப்டோட முடுக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம் புள்ளி எட்டு, சரியா?" என்றாள். மச்சான், அந்த லிஃப்டின் கன்ட்ரோல் பேனலில் நான் என் கையால் வைத்த எண் அதுதான். அவள் அந்தப் பேனலைப் பார்த்ததே இல்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை வருடம் எண்ணைத் திருகினேனே தவிர, அது என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெற்ற வயிறு மட்டுமா குளிரும், என் வயிறும் குளிர்ந்தது.

ஆனாலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். சிரிக்காதீர்கள், நிஜமாகச் சொல்கிறேன். கேட்க ஆளில்லாத படிப்பு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் புரியவில்லை, கேட்க வீட்டில் ஆளில்லை, வெட்கத்தில் அப்படியே ஸ்பேனரைப் பிடித்தவன் நான். இவள் நடுவில் ஒரு பக்கத்தில் மாட்டிக்கொண்டு முழித்தால் நான் என்ன செய்வேன்? மார்க் குறைந்தால் மற்ற பாடங்களோடு சேர்ந்து சான்றிதழிலேயே ஏறிவிடுமாம். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது. அதனால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து, மாமா என்கிற முறையில், "தானாப் படிக்கிறதெல்லாம் சரிப்படாதும்மா" என்று அவளிடம் நீங்களே சொல்லிவிட வேண்டும். நான் சொன்னால் கயிற்றுக் கோபத்தில் சொல்கிறேன் என்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் முழங்கால் வலி இந்நேரம் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போயிருக்கட்டும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத உங்கள் தங்கை கணவன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது பாப்பா வந்தாள். "நான் யோசிச்சுட்டேம்ப்பா. பரீட்சை எழுதல. படிவத்தைத் திருப்பிக் கொடுத்துடறேன்" என்றாள். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும் இல்லையா? கத்திவிட்டேன் மச்சான். "யாரைக் கேட்டு முடிவு பண்ணினே? நான் ரெண்டாம் அத்தியாயத்துல பாதியில நிக்கறேன், நீ பாட்டுக்கு இறங்கிப் போயிட்டா நான் யாரைப் போய்க் கேட்பேன்?" என்று. வாயை விட்டு வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்றே எனக்கு உறைத்தது. அவளோ முதுகுக்குப் பின்னால் தயாராகப் பிடித்திருந்த படிவத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்தாள். போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம், எங்களுக்குப் படிப்பு இருக்கிறது. ஒரே ஒரு உதவி: நான் பார்த்துவிடுவேன் என்று விடைகள் இருக்கும் பக்கங்களை அவள் கத்தரித்து எங்கோ ஒளித்துவிட்டாள். இரண்டாம் அத்தியாயம் ஒன்பதாம் கணக்கின் விடையை மட்டும் ஒரு தாளில் எழுதி, என் கம்பெனி விலாசத்துக்கு அனுப்பிவையுங்கள். வீட்டுக்கு வேண்டாம்.