படியில் பூசிய சீமை மஞ்சள்

என்னிடம் ஒரு பெரிய குறை உண்டு. உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். என் கல்யாணத்திலேயே மணையில் இரண்டு தடவை சாய்ந்தேன் என்று சொல்கிறார்கள் (ஓமப்புகை கண்ணில் பட்டது என்பது என் கட்சி). இந்தத் தூக்கத்தால் என் மனைவி சுலோசனாவின் சித்திரக் கலைக்கே ஒருநாள் சமாதி கட்டப் பார்த்தேன். அந்தக் கதையை வீட்டில் எல்லாரும் அவரவர் இஷ்டத்துக்குச் சொல்லியாகிவிட்டது. குற்றவாளியும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

நாற்பதுகளின் தொடக்கம், சண்டைக் காலம். அரக்கோணத்தில் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் நான் குமாஸ்தா. சுலோசனா ஆர்.கே.பேட்டைப் பெண். பள்ளிக்கூடத்தில் படம் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார அம்மாள் ஊருக்குக் கப்பலேறியபோது, தன் வர்ணப் பெட்டியை இவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். தண்ணீரில் கரைத்துத் தீட்டும் சீமை வர்ண வில்லைகள், பன்னிரண்டு. சண்டை வந்ததும் சீமையிலிருந்து வர்ணம் வருவது நின்றுபோனது. தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

வீட்டுக்குள் உட்கார்ந்து வரைவது அவளுக்குப் பிடிக்காது. எதை வரைகிறாளோ அதன் எதிரே போய் உட்கார வேண்டும். ஏரிக்கரை, சந்தை, திருவாலங்காட்டு வயல் என்று எங்கே போனாலும் பலகையையும் தண்ணீர்ச் செம்பையும் சுமந்துகொண்டு நான் பின்னால் போவேன். ஈரக் காகிதத்தில் ஒரே இழுப்பில் வானத்தை இறக்குவாள் பாருங்கள், மூச்சுவிட மறந்துபோவேன். சுற்றி இருபது பேர் நின்று 'எம்மா, என் மாட்டையும் போடும்மா' என்று கத்தினாலும் அவள் கை நடுங்காது.

என் அப்பாவுக்கு இதில் கோபமில்லை; விளங்கவில்லை, அவ்வளவுதான். "வெளியாளு நாலு பேரு பாத்து நல்லாக்கீதுன்னு ஒரு படத்தையாவது சொல்லட்டும்டா. இல்லன்னா அந்தப் பொட்டிய பரண்மேல போட்டுட சொல்லு" என்றார். நானும் அவளை ஒரு வார்த்தை கேட்காமல், "ஆங், அப்படியே ஆவட்டும்" என்று ஒப்புக்கொண்டு வந்துவிட்டேன். அன்று அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு ஓவியக் கண்காட்சிக்குப் படம் கேட்டிருந்தார்கள். திருத்தணி மலையைக் கிருத்திகையன்று காவடிகளோடு வரைவது என்று சுலோசனா முடிவு செய்தாள். படம் போய்ச் சேர அதற்கு மறுநாளே கடைசி நாள். அவள் தம்பி தசரதன் அன்று சாயங்கால ரயிலில் சென்னைக்குப் போகிறான். திருத்தணி ஸ்டேஷனில் காத்திருந்து வாங்கிக்கொள்வான் என்று ஏற்பாடு.

"நீ ஒண்ணுத்துக்கும் கவலப்படாத. சாமான் எல்லாம் என் பொறுப்பு" என்றேன். (இந்த வாக்கியத்தை நான் சொன்னாலே என் பிள்ளைகள் இன்றும் எழுந்து போய்விடுகிறார்கள்.)

மலையடியில் மூட்டையைப் பிரித்தால், வர்ணம் குழைக்கும் வெள்ளைப் பீங்கான் தட்டைக் காணோம். அதில் வரிசையாகக் குழிகள் இருக்கும். விடியற்காலையில் இட்லி தின்னும்போது, குழிக்கு ஒரு சட்னி ஊற்றிக்கொள்ள வாகாக இருக்கிறதே என்று எடுத்தவன் நான்தான். தட்டு வீட்டுத் தொட்டியருகே கழுவக் கிடந்தது.

"இன்னாங்க, தட்டு எங்க?"

"தட்டு இன்னா பெரிய தட்டு! தொன்னை வாங்கியாறேன் பாரு" என்று பூஜைக் கடையில் இரண்டு தொன்னை வாங்கி வந்தேன். என் சமயோசிதத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பாதி மலையில் ஒரு மண்டபம். அதன் ஓரத்தில் வெயில் படாத இடம் பார்த்து உட்கார்ந்து, பெட்டி மூடியிலேயே நீலத்தைக் கரைத்துக்கொண்டு அவள் வானத்தை ஆரம்பித்தாள். "காவடிக்கு மஞ்சளும் செவப்பும் கடைசியில வேணும். அந்த ரெண்டு வில்லையிலயும் துளி ஊற வெச்சி வையுங்க. கூட்டம் மிதிக்காம பாத்துக்குங்க" என்றாள்.

துளி என்றால் எவ்வளவு என்று எனக்கு எப்படித் தெரியும்? காவடியோ நூற்றுக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. பெண்டாட்டிக்குக் கஞ்சத்தனம் செய்வதா என்று தாராள மனசோடு முழு வில்லைகளையும் தொன்னைகளில் போட்டு, தண்ணீர் விட்டு, விரலால் கரைத்தேவிட்டேன். ஒன்றில் கொழகொழவென்று மஞ்சள், ஒன்றில் ரத்தச் சிவப்பு. மண்டபத்துக்கு இருபது படி கீழே, படியின் ஓரத்தில் தொன்னைகளை வைத்துக்கொண்டு, சம்மணம் போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தேன். முந்தின ராத்திரி எனக்கு நைட் டியூட்டி. காற்று வேறு ஜிலுஜிலுவென்று வீசியது. அப்புறம் என்ன, கண்ணை மூடினேன்.

வேண்டுதல்காரர்கள் படி பூஜை செய்வது உங்களுக்குத் தெரியும். கீழிருந்து ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டே வருவார்கள். ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்த ஏழெட்டுப் பெண்கள் அப்படி வந்திருக்கிறார்கள். வந்தால், படியோரம் ஒருவர் கண்மூடிச் சம்மணமிட்டு நிஷ்டையில் இருக்கிறார். எதிரே தொன்னையில் குழைத்த மஞ்சளும் குங்குமமும் தயாராக இருக்கிறது. அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? சாமியாரே படிக்கென்று வைத்திருக்கிறார் என்று நினைத்திருக்கிறார்கள். பளபளவென்று அப்படியொரு மஞ்சளை அவர்கள் ஜென்மத்தில் பார்த்ததில்லையாம். தங்கள் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, என்னுடையதை எடுத்துப் படிப்படியாகப் பூசிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

கற்பூரச் சூடு முழங்காலில் உறைத்தபோதுதான் விழித்தேன். எதிரே இரண்டு வாழைப்பழம். என் கால் கட்டைவிரல்களில் மஞ்சள். நெற்றியில் ஏதோ பிசுபிசுவென்று இருந்தது. ஒரு பருத்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமி லேச்சினாரு!" என்றாள் (எழுந்துவிட்டேனாம்!). தொன்னைகளைப் பார்த்தேன். துடைத்து வைத்தாற்போல் இருந்தன. நிமிர்ந்தேன். எனக்கு மேலே இருபது படிக்கு எங்கள் சீமை வர்ணம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

மண்டபத்திலிருந்து சுலோசனா இறங்கி வந்தாள். படிகளைப் பார்த்தாள். தொன்னையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"தூங்குனீங்களா?"

"லேசா... கண்ண மூடிகினு இருந்தேன்."

"முழு வில்லையுமா கரைச்சீங்க?"

அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அழவில்லை. பலகையில் நீல மலையும் வானமும் உயிரோடு எழும்பி நிற்க, காவடி இருக்கவேண்டிய இடமெல்லாம் வெறும் காகிதமாகக் கிடந்தது. ரயிலுக்கு மூன்று மணி நேரம்தான் இருந்தது. என் வாயால் அவள் பெட்டி பரணுக்குப் போகப்போகிறது.

விஷயம் புரிந்ததும் அந்த அம்மாள் பதறிப்போனாள். "ஐயோ தாயி, தெரியாம செஞ்சிட்டோம்மா. எங்க மஞ்சள் அப்படியே கீது, இந்தா எடுத்துக்கோ" என்று கிண்ணத்தை நீட்டினாள்.

சுலோசனா கிண்ணத்தையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள்.

"உங்க சுண்ணாம்பு டப்பாவ எடுங்க."

எனக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டு. திருதிருவென்று விழித்துக்கொண்டே டப்பாவைக் கொடுத்தேன். மஞ்சளை மெல்லிசாகக் கரைத்து ஒரு தொன்னையில் வைத்துக்கொண்டாள். மறு தொன்னையில் மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்தாள். குபீரென்று சிவந்தது. அட, ஆரத்தி! வீட்டுக்கு வீடு நாம் சுற்றிக் கொட்டுகிற தண்ணீர்தானே! அதில் படம் எழுதலாம் என்று யாருக்காவது தோன்றியிருக்கிறதா? அவளுக்குத் தோன்றியது. அந்த நிமிஷம் அந்தப் பெண்கள் எல்லாரும் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்துக் கும்பிட்டிருந்தாலும் நியாயம் என்றிருப்பேன்.

இரண்டு மணி நேரம் தலை நிமிரவில்லை. வெறும் காகிதத்தில் காவடிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிப்போயின. பெண்கள் வேண்டுதலை மறந்து சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன், உட்கார எனக்கே பயம்.

கடைசியில், "இப்டி குனிங்க" என்றாள். குனிந்தேன். ஈரத் தூரிகையை என் நெற்றியில் வைத்து, அங்கே அப்பியிருந்த சீமைச் சிவப்பை ஒற்றி எடுத்தாள். படத்தின் கீழ்மூலையில் எதையோ தீட்டினாள். எட்டிப் பார்த்தேன். இரண்டு தொன்னைக்கு நடுவே ஒருவன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு.

ஸ்டேஷனில் படத்தை வாங்கிக்கொண்ட தசரதன், என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "பாவா, இது நீங்கதானே?" என்றான். அதற்குள் ரயில் கிளம்பிவிட்டதால் தப்பித்தேன்.

படத்தை மாட்டியிருப்பதாகச் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. அப்பா யாருக்கும் சொல்லாமல் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கும்பலா நின்னு பாக்கறாங்கம்மா. மலை அப்படியே கீது. தூங்கறவன்கூட நம்ம பையனாட்டமே கீறான்" என்றார். அதோடு பரண் பேச்சு ஒழிந்தது. என் பெயர் மட்டும் படிச்சாமி ஆகிவிட்டது. இன்றும் நாற்காலியில் கண் அசந்தால் போதும், யாராவது வந்து நெற்றியில் குங்குமத்தை அப்பிவிட்டுப் போகிறார்கள்.

படம் எங்கள் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. அரைத்த மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் நிற்காது அல்லவா, வருஷம் ஆக ஆகக் காவடியெல்லாம் வெளுத்துவிட்டது. ஆரத்திச் சிவப்பும் போன இடம் தெரியவில்லை. நீல மலையும், அதன் கீழே தூங்குகிறவனின் நெற்றிப் பொட்டும்தான் அன்று வைத்ததுபோல இருக்கின்றன.

சண்டை முடிந்து கடைகளில் வர்ணம் வந்ததும் முதல் வேலையாக மஞ்சள் வாங்கிக் கொடுத்தேன். பிறகும் பல தடவை வாங்கினேன். அதில் எத்தனையோ படங்கள் எழுதிவிட்டாள். இதை மட்டும் தொடவில்லை. "காவடிக்குக் கொஞ்சம் பூசேன்" என்று நான் கேட்கும்போதெல்லாம், படத்தின் கீழ்மூலையைக் காட்டி ஒரே பதில்தான் சொல்வாள்.

"அந்தாளு எழுந்துக்கட்டுங்க. அப்புறம் பூசறேன்."