கண்ணாடிக்காரர் வேவு பாத்த கதை

"வந்துட்டான்னியே, எங்கடி காணோம்?" போன்ல பொண்டாட்டியைக் கடிச்சுக் குதறினார் கண்ணாடிக்காரர்.

கட்டடத்து முகப்பைக் கண்ணாடியும், ஏசிபிங்கற அலுமினிய ஷீட்டுமா மூடிக் குடுக்கறதுதான் அவர் தொழில். புதுசா முடிச்ச ஆபீஸ், இன்னும் ஆள் குடிவரல, வெளிய மூலைல ஒரு வாட்ச்மேன்தான், உள்ள இவர் தனியா ஒளிஞ்சு நிக்கிறார். எதுக்குங்கறீங்க? ஒரே பொண்ணு, 'இவரைத்தான் கட்டிப்பேன்'னு ஒருத்தனைச் சொல்லிட்டா. வீட்டுக்கு வரச்சொன்னா எவனும் நல்லவனாத்தான் நடிப்பான். இந்தக் கண்ணாடியோ, வெளியில நின்னா முகம் பாக்கலாம், உள்ள நின்னா ஊரையே பாக்கலாம். 'வாசல்ல நில்லு, வந்துடறேன்'னு சொல்லிட்டு ஒளிஞ்சு பாத்தா லட்சணம் தெரிஞ்சுடும்ல? பிடிச்சா சரி, பிடிக்கலேன்னா கல்யாணமே கிடையாது.

"வாசல்லதான் நிக்கிறாராம். அங்க முழுக்க ஷீட்டை அடிச்சு வெச்சுட்டு, தெரியலைன்னா?"

"அப்ப கண்ணாடிப் பக்கம் வரச் சொல்லு!"

வந்தான். கீழ கிடந்த காகிதத்தைப் பொறுக்கிக் குப்பைத்தொட்டில போட்டான். வயசான அம்மா ஒருத்தங்க பையை வாங்கிக்கிட்டு, கைபிடிச்சு ரோட்டைத் தாண்டிவிட்டான். அவ்வளவு பெரிய கண்ணாடி முன்னாடி நின்னும் தலையைக்கூட சீவிக்கல! இவருக்கு மனசு இளகிடுச்சு.

அந்த நேரம் பாத்து மேகம் மூடிக்கிச்சு. சரியாத் தெரியலயேன்னு லைட்டைப் போட்டார். இன்னும் மங்கிடுச்சு. எல்லா லைட்டையும் போட்டார். சுத்தம்! தன் வழுக்கைதான் பளபளங்குது. மூக்கைக் கண்ணாடில அழுத்தி, ரெண்டு கையையும் கண்ணுக்கு அணை குடுத்து உத்துப் பாத்தா, மூக்குக்கு நேரா பையன் மூக்கு!

"வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம்தான் முகம் தெரியும், லைட்டு போட்டா திரையை இழுத்து விடுங்க"ன்னு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் பாடம் எடுக்கற மனுஷர்!

பதறிப்போய், சாத்தி வெச்சிருந்த ஷீட்டை இழுத்து மறைஞ்சுக்கப் பாத்தார். அது மத்த ஷீட்டையும் கூட்டிக்கிட்டு தடதடன்னு சரிஞ்சுது. தூசியும் தும்மலுமா வெளிய ஓடிவந்தார்.

"அடி பட்டுதா மாமா?" பையன் கைக்குட்டையை நீட்டினான். உள்ள என்ன பண்ணீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல.

அவன் பைக்ல கிளம்பினதும் பொண்டாட்டிக்குப் போன். "தங்கமான பையன்டி! யாரும் பாக்கலைன்னு நினைச்சப்பவே இப்படி நடந்துக்கறான். சரின்னு சொல்லிடு!"

பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்த வாட்ச்மேன் தலையைச் சொறிஞ்சார். "இந்தப் பக்கம் வந்ததும் முதல் வேலையா என்னைத்தான் சார் கேட்டாரு, 'மாமா எந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி நிக்கிறாரு?'ன்னு."