பட்டன் இல்லாத போனும் கடப்பாக்கத்து நிக்காஹும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. பத்தாவது வரை படித்தவன். கூடுவாஞ்சேரியில் தையற்காரர்களுக்கு வேண்டிய பட்டன், ஜிப், நூல்கண்டு விற்கிறவன். 'ஜும்மாவுக்காகக் கடை மூடப்பட்டுள்ளது' என்று அட்டையில் எழுதி மாட்டியதுதான் இதுவரை நான் எழுதியவற்றில் நீளமானது. அப்படிப்பட்டவன் பேனாவைத் தொட்டதற்குக் காரணம், என் குடும்பத்தார் இந்தக் கதையை ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்லிச் சொல்லிப் பெரிதாக்கிக்கொண்டே போகிறார்கள். போன ரம்ஜானில் சொன்னபோது நான் அழுததாகவும் சேர்த்துவிட்டார்கள். அழவில்லை. கண்ணில் அத்தர் பட்டுவிட்டது.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். பஸ்ஸில் 'கொஞ்சம் வழி விடுங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். ஸ்மார்ட்போன் வாங்கியதே அதனால்தான். அது இருந்தால் யாரிடமும் வழி கேட்க வேண்டாம், மணி கேட்க வேண்டாம், ரயில் எப்போது வரும் என்று கேட்க வேண்டாம். வாயைத் திறக்காமலே வாழ்ந்துவிடலாம் என்று நினைத்தேன்.

இரண்டாயிரத்துப் பத்துக்குச் சற்று முந்தைய காலம். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட போன் யாரிடமும் இல்லை. சென்னையில் பழைய போன் விற்கும் கடையில் வாங்கினேன். கடைக்காரர் அதை என் உள்ளங்கையில் வைத்து, "அண்ணாத்த, இதுல இல்லாததே இல்ல. மேப்பு கீது, கேமரா கீது, ரேடியோ கீது, லவுட்ஸ்பீக்கர் போட்டா தெருவே கேக்கும்" என்றார்.

"பட்டன்?" என்றேன்.

"அது மட்டும்தான் இல்ல. தடவிகினே இருக்க வேண்டியதுதான்."

வாழ்நாளெல்லாம் பட்டன் விற்றவன் பட்டனே இல்லாத போனை வாங்கிக்கொண்டு ரயிலேறினேன்.

நன்மைகளை மறைக்கக் கூடாது. படம் எடுத்தால் முகம் முகமாகவே இருந்தது. இருட்டில் அதன் வெளிச்சத்தில் சாவித் துவாரம் தெரிந்தது. ஆனால் மேப்பில் நான் கடைக்குள் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அது என்னை ரயில் தண்டவாளத்தின் மேல் நிறுத்தி வைத்திருந்தது. காலையில் முழு சார்ஜ் போட்டால் மதியத் தொழுகைக்குள் பாதி உயிர் போகும், மாலைத் தொழுகைக்கு மௌத். எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை, யாரிடமும் பேசாமல் இருக்க வாங்கிய போனைப் பார்த்துவிட்டு ரயிலில் இருந்த அத்தனை பேரும் என்னிடம் பேச வந்தார்கள். "இன்னா பாய் இது? டிவியா?"

இன்னொரு சங்கடமும் இருந்தது. அந்தக் காலத்துக் கண்ணாடித் திரை இப்போதுபோல் விரல் பட்டதும் ஓடாது. கூர்மையாக எதையாவது வைத்து அழுத்த வேண்டும். அதற்கென்று ஒரு சின்னக் குச்சி கொடுத்திருந்தார்கள். வாங்கிய வாரமே அது எங்கோ விழுந்துவிட்டது. வேறு குச்சி கேட்டு மறுபடி அந்தக் கடைக்குப் போகக் கூச்சம். ஆகவே வலது கைச் சுண்டுவிரலில் நகம் வளர்த்தேன். என்ன அருமையான நகம் தெரியுமா! அதை வைத்துத் தட்டினால் போன் சொன்ன பேச்சைக் கேட்கும். என் மனைவி ஜன்னத்துக்குத்தான் பிடிக்கவில்லை. "இன்னாங்க இது, நகமா மண்வெட்டியா? பக்கத்துல உக்காந்து சோறு துன்னவே பயமா கீது" என்பாள்.

இப்படி இருக்கையில் என் அக்கா மகள் ரஹ்மத்துக்கு நிக்காஹ் நிச்சயமானது. மாப்பிள்ளை கடப்பாக்கத்துக்காரர், துபாயில் வேலை. கம்பெனி அவசரமாகக் கூப்பிட்டுவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏற வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்த கையோடு கடப்பாக்கத்திலேயே நிக்காஹ்.

சிக்கல் பெண்ணின் அத்தாவிடம் இருந்தது. என் மச்சான் அப்போது சவூதியில், செல்போன் டவர் எட்டாத பாலைவனத்தில் குழாய் பதித்துக்கொண்டிருந்தார். லீவு கிடைக்கவில்லை. அவருக்கு அண்ணன் தம்பியும் கிடையாது. பெண்ணின் தகப்பன் சம்மதம் சொல்லி, தன் இடத்தில் நின்று நிக்காஹ் செய்துகொடுக்க ஒருவரை வக்கீலாக நியமிக்க வேண்டும். (கறுப்புக் கோட்டு வக்கீல் இல்லை.) தாய்மாமன் நான் ஆயிரம் சம்மதம் சொன்னாலும் செல்லாது. நிக்காஹ் நடத்திவைக்கும் கடப்பாக்கத்து ஹஜ்ரத் கறாரான மனிதர். "கடுதாசியெல்லாம் வேணாம். அத்தா வாயால சொல்றதை நானும் ரெண்டு சாட்சியும் காதால கேக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

மச்சான் பேசுவதற்கு அவருடைய கேம்ப் ஆபீஸில் ஒரே ஒரு போன். வெள்ளிக்கிழமை ஆபீஸ் மூடியிருக்கும். மேஸ்திரி மனம் இரங்கி, தான் ஜும்மாவுக்குக் கிளம்பும்வரை திறந்து வைப்பதாகச் சொன்னார். நமக்கு ஜும்மா முடிகிற நேரம், அங்கே ஜும்மாவுக்குக் கிளம்புகிற நேரம். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பேசினால் உண்டு. அவர் கூப்பிட்டால் நம் போனில் நம்பர் விழாது, நாம் திருப்பிக் கூப்பிட முடியாது.

யார் போனுக்குக் கூப்பிடச் சொல்வது என்று வீட்டில் பேச்சு வந்தபோதுதான் என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக நான் பெருமை அடித்தேன். "என் போனுக்குச் சொல்லுங்க. லவுட்ஸ்பீக்கர் கீது. சபையே கேக்கும்" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கண்ணில் அவ்வளவு மரியாதையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் நம்பர் பாலைவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. வெள்ளிக்கிழமை குளித்து, நகம் வெட்டி, அத்தர் பூசி ஜும்மாவுக்குப் போவது எங்கள் வழக்கம். சில வாரமாக நான் ஏதேதோ சாக்குச் சொல்லி அந்த ஒரு நகத்தை மட்டும் தப்பவைத்திருந்தேன். அன்று சம்பந்தி வீட்டுக்குப் போகிறோம் என்பதால் ஜன்னத் நகவெட்டியோடு உட்கார்ந்துவிட்டாள். "மாப்ள வூட்டுக்காரங்க கைகுலுக்குவாங்க. காட்டுங்க கையை." நானும் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே கையை நீட்டினேன். ஹஜ்ரத்திடம் முதலில் சலாம் சொல்ல வேண்டும், பிறகு போனை எங்கே வைப்பது என்று கேட்க வேண்டும்... டக். டக். டக்.

வேன் செங்கல்பட்டு தாண்டி, திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரை ரோட்டைப் பிடித்து, கல்பாக்கம் வரும்வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மணி பார்க்கலாம் என்று போனை எடுத்தேன். சுண்டுவிரலால் தட்டினேன். திரை அசையவில்லை. விரலைப் பார்த்தேன். புதிதாகப் பிறந்த குழந்தையின் விரல்போல மொழுமொழுவென்று இருந்தது.

வேனில் எல்லோரும் பைத் என்கிற கல்யாணப் பாட்டைப் பாடிக்கொண்டு சந்தோஷமாக வந்தார்கள். அப்போதே சொல்லியிருந்தால் என்ன? வழியில் ஒரு கடையில் நிறுத்தி, ஒரு பென்சில் குச்சியாவது தேடியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் நடுவில், 'என் நகத்தை வெட்டிவிட்டார்கள், வேனை நிறுத்துங்கள்' என்று எப்படிச் சொல்வது? கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். ரேடியோ திறந்துகொண்டது. அதை மூட முடியவில்லை. அதுவாக அடங்கும்வரை போனைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்து வந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் தொடை உழவர்களுக்கு யோசனை சொல்வதைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

கடப்பாக்கத்தில் தொழுகை முடிந்து மாப்பிள்ளை வீட்டு ஹாலில் எல்லோரும் கூடினார்கள். ஹஜ்ரத் எதிரில் மாப்பிள்ளை. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு வெல்வெட் தலையணை, அதன்மேல் என் போன். அதற்குப் பூ வைக்காததுதான் பாக்கி. மாப்பிள்ளையின் பெரியத்தா, மீன்வலை வியாபாரி, ஊரே பயப்படுகிற மனிதர், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா பாய், மூஞ்சி ஏன் இப்டி வேர்க்குது?"

"ஒண்ணுமில்லிங்க. வெயில்."

போன் அடித்தது.

நான் குனிந்து விரலால் அழுத்தினேன். அடித்துக்கொண்டே இருந்தது. எல்லா விரலாலும் அழுத்தினேன். சபை என்னைப் பார்த்தது. போன் நின்றுவிட்டது.

"இன்னாப்பா ஆச்சு?"

"எடுக்க மாட்டேங்குது."

"உன் போனுதானே? உனக்கே எடுக்கத் தெரியாதா?" என்றார் பெரியத்தா.

மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் பின்னாலிருந்து, "மச்சான், போனு ஸ்டைலா கீது, வேலைதான் செய்ய மாட்டேங்குது" என்று சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. பெண்கள் அறைத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் அக்கா, "கபீரு, இன்னாடா பண்ற? அங்க மேஸ்திரி ஆபீஸைப் பூட்டிடுவான்டா" என்றாள்.

மறுபடி அடித்தது. வெற்றிலைத் தட்டிலிருந்து யாரோ ஒரு கிராம்பை எடுத்துக் கொடுத்தார்கள். அழுத்தினேன். கிராம்பின் தலை உடைந்து ஹஜ்ரத் மடியில் விழுந்தது. ஒருவர் சாவியை நீட்டினார். கீறல்தான் விழுந்தது. பெரியத்தா பொறுமை இழந்து, "ரப்பர் ஸ்டாம்பு அடிக்கிற மாதிரி அடிங்கப்பா" என்று தன் கட்டைவிரலால் ஓங்கி ஒன்று வைத்தார். கேமரா திறந்து அவருடைய மூக்குத் துவாரத்தைப் படம் எடுத்தது. மறுபடி நின்றுவிட்டது.

"சிம்மைக் கழட்டி என் போன்ல போடுங்க மாமு" என்றார் மாப்பிள்ளை. நல்ல யோசனை. பின்மூடியைத் திருப்பினேன். அதில் ஒரு சின்னக் கோடு. அதைத் திறக்க நகம் வேண்டும்.

"ஹஜ்ரத், நேரமாவுது" என்றார் பெரியத்தா. "அத்தா பேசலன்னா இன்னா பண்றது?"

ஹஜ்ரத் தாடியைத் தடவினார். "பேசலன்னா இன்னிக்கு நடத்த முடியாது பாய். மாப்ள அடுத்த லீவுல வரட்டும்."

அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. திரைச்சீலைக்குப் பின்னால் அக்கா அழத் தொடங்கிவிட்டாள். மூன்றாவது முறை போன் அடித்தது. இதுதான் கடைசி என்று ஏனோ எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்து நான் செய்ததை நானே நம்பவில்லை. பெண்கள் இருக்கும் அறைக்கு எதிரில்கூட நடக்கக் கூச்சப்படுகிறவன், போனைத் தூக்கிக்கொண்டு, "பிஸ்மில்லா! நகம்! யார்கிட்டயாவது நகம் கீதா?" என்று கத்திக்கொண்டே திரைச்சீலைக்குள் பாய்ந்தேன். உள்ளே பெண்கள் அலறி முக்காட்டை இழுத்துக்கொண்டார்கள். ஜன்னத் எழுந்து, தன் பங்கு என்ன என்று அப்போதுதான் புரிந்ததுபோல் வாயில் கையை வைத்துக்கொண்டாள். நடுவில் மணப்பெண் ரஹ்மத். மருதாணி போட்ட நீளமான, அழகான நகங்கள்.

"அழுத்துமா! பச்சையா ஓடுது பாரு, அதை அழுத்து! பக்கத்துல ஸ்பீக்கரு!"

அழுத்தினாள். கர்ரென்று காற்றுச் சத்தம். பிறகு தூரத்திலிருந்து, கோபமாக, மச்சானின் குரல் ஹால் முழுவதும் கேட்டது.

"டேய் கபீரு! செத்தாடா போயிட்ட? எத்தினி வாட்டி அடிக்கிறது?"

"அத்தா," என்றாள் ரஹ்மத்.

நான்கு வருஷமாக அவர் ஊருக்கு வரவில்லை. அவள் பேசுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஹஜ்ரத்திடம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு காத்திருந்த மனிதர்.

"ரஹ்மத்தாமா?" என்றார். "சாப்டியா?"

"இல்லத்தா. இனிமேதான்."

"சாப்டுமா. மாப்ள நல்லவரா கீறாரா? உனக்குப் புடிச்சிருக்கா?"

ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரைச்சீலைப் பக்கம் காதை நீட்டினார்கள். மாப்பிள்ளை உட்பட.

"புடிச்சிருக்குத்தா."

ஹஜ்ரத் இரண்டு சாட்சிகளோடு திரைச்சீலை ஓரம் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சலாம் சொன்னார். கேட்க வேண்டியதைக் கேட்டார். மச்சான், "என் மகளை நிக்காஹ் செஞ்சு குடுக்க உங்களையே வக்கீலா ஆக்குறேன் ஹஜ்ரத்" என்று தடுமாறாமல் சொன்னார். பின்னால் யாரோ அரபியில் அதட்டுவதும், சாவிக்கொத்து குலுங்குவதும் கேட்டது. "ரஹ்மத்து..." என்று ஆரம்பித்தார். அத்தோடு லைன் போய்விட்டது.

நிக்காஹ் நடந்தது. பிரியாணி பரிமாறும்போது பெரியத்தா எனக்குக் கறியை அள்ளி வைத்துவிட்டு, "பாய், கையில நகம் இல்லியே, எலும்பை எப்டி உடைப்ப?" என்றார். அன்று தொடங்கியது இந்தக் கேலி. இன்றுவரை எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும், "கபீர் மாமுக்கு முன்னாடியே சொல்லி வைங்க, நகம் வளரணும்" என்கிறார்கள். ரஹ்மத்தின் மகனுக்கு என் பெயர் தெரியாது. 'நக நன்னா', அதாவது நகத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறான்.

மறுநாள் சனிக்கிழமை. மாப்பிள்ளை வீட்டில் நாஸ்தாவுக்கு இடியாப்பமும் பாயாவும் வைத்தார்கள். சவூதியில் அது வேலை நாள், மச்சான் பாலைவனத்தில் குழாய் பதித்துக்கொண்டிருப்பார். 'ரஹ்மத்து' என்று ஆரம்பித்ததை முடிக்க அவர் போன் செய்யவில்லை.